காலையில் பொலன்னறுவை, மாலையில் மின்னேரியா யானைகள்: வடசென்னைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கமிருந்து இலங்கை போகும் குடும்பங்களுக்கு வண்டியும் தங்குமிடமும் ஏற்பாடு செய்து தருவது எங்கள் வேலை. போகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றித்தான்: காலையில் பொலன்னறுவை போன்ற பழைய பௌத்தத் தலம், பிற்பகலில் மின்னேரியா பக்கம் யானை சஃபாரி, தங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வண்டி. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

சென்னையிலிருந்து காலையில் கிளம்பி, எல்லாம் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?

முடியாது. விமானத்தில் கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், உண்மைதான். ஆனால் விமானம் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து சிகிரியா, ஹபரணை பக்கம் போக மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். பொலன்னறுவைக்கு அதற்கும் மேல். "ஒரு நாள் பயணம்" என்று நாங்கள் சொல்வது இலங்கைக்குள் சுற்றும் ஒரு நாளை. மொத்தத்தில் குறைந்தது மூன்று நாட்கள் ஒதுக்குங்கள்.

அப்படியென்றால் முந்தின இரவு எங்கே தங்குவது?

ஹபரணை. பெரிய ஊர் இல்லை, ஒரு நாற்சந்திதான். ஆனால் தம்புள்ளை, திருகோணமலை, பொலன்னறுவை, அனுராதபுரம் என்று நான்கு பக்கமும் அங்கிருந்துதான் சாலை பிரிகிறது. சஃபாரி ஜீப்புகள் நிற்பதும் அங்கேதான். பொலன்னறுவை அங்கிருந்து ஒரு மணி நேரம், மின்னேரியா அந்த வழியிலேயே இருக்கிறது.

சிலர் நீர்கொழும்பில் தங்கி, விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, இரவு பத்து மணிக்குத் திரும்பும் திட்டத்தோடு வருகிறார்கள். இளவட்டங்கள் நான்கு பேர் என்றால் சரி. குழந்தையும் பாட்டியும் இருக்கும் குடும்பத்துக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. பத்து மணி நேரம் காரிலேயே போய்விடும்.

சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை மூன்றையும் ஒரே நாளில் காட்ட முடியுமா?

காட்டலாம், நீங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். சஃபாரியும் உண்டு என்றால் காலையில் ஒரு தலம்தான். அது எது என்பதில் எங்களுக்கு ஒரு கட்சி உண்டு: பொலன்னறுவை.

சிகிரியா கண்ணைப் பறிக்கும் இடம், மறுக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரப் பாறையின் தலையில் அரண்மனை கட்டினான். பாதி வழியில் சுவரோவியப் பெண்கள், அதற்கும் மேலே சிங்கத்தின் பாதங்கள். ஆனால் அந்தப் பாறைக்கு அவ்வளவு பேரை இழுத்து வருவது மடாலயம் அல்ல, ஒரு மன்னனின் கோட்டை. ஏறுவதற்கு 1,200 படிகளுக்குக் குறையாது. ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், இரும்புப் படிக்கட்டில் வரிசை நகராது. இறங்கி வந்த பிறகு ஜீப்பில் குலுங்க யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. போதாக்குறைக்கு, பாறை இடுக்குகளில் பெரிய குளவிக் கூடுகள் உண்டு. சத்தம் போடாதே என்று பலகை வைத்திருப்பது அதனால்தான்.

தம்புள்ளை குகைக் கோயில் வேறு மாதிரி. கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து வழிபாடு நடக்கும் ஐந்து குகைகள், 150க்கும் மேற்பட்ட புத்தர் சிலைகள், கூரை முழுக்க ஓவியம். இது கொழும்பு சாலையிலேயே இருப்பதால் மறுநாள் திரும்பும்போது காலையில் பார்த்துவிடலாம். அதற்காகத் தனி நாள் வேண்டாம்.

பொலன்னறுவையில் ஏற்றம் இல்லை. மரநிழல் உண்டு, இடத்துக்கு இடம் காரிலேயே போகலாம். முட்டி வலிக்காரர்களும் வரலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே கிடைப்பது வேறு எந்தத் தலத்திலும் கிடைக்காது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறோம்.

பொலன்னறுவையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் கல் விகாரை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே கருங்கல் பாறையில் குடைந்த நான்கு சிலைகள்: அமர்ந்த புத்தர், சிறு குகைக்குள் இன்னொரு அமர்ந்த புத்தர், ஏழு மீட்டர் உயரத்தில் கைகளைக் குறுக்காகக் கட்டி நிற்கும் உருவம், 14 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தர். நிற்பவர் புத்தரா, அவருடைய சீடர் ஆனந்தரா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

பள்ளிகொண்ட சிலையின் முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். கால் பக்கம் பாருங்கள்: இரண்டு பாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று நேராக இல்லை, மேல் பாதம் சற்றுப் பின்வாங்கி இருக்கிறது. தூக்கம் அல்ல, பரிநிர்வாணம், அதாவது புத்தரின் இறுதி மறைவு என்று காட்டுவதற்கு அப்படி. அப்புறம் தலைப்பக்கம் வாருங்கள். தலையின் பாரத்தில் தலையணை லேசாக அமுங்கியிருப்பதுகூடக் கல்லில் தெரியும். பாறையின் இயற்கையான கருப்பு வரிகள் முகத்தின் மேலும் உடையின் மேலும் ஓடுகின்றன. பழைய இடம் என்று ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்தது நாற்சதுர முற்றம். வட்டதாகே என்ற வட்ட வடிவக் கோயில், அதன் வாசலில் சந்திரவட்டக்கல் என்ற அரைவட்டச் சிற்பப் படிக்கல், நிசங்கமல்ல மன்னன் தன் புகழைத் தானே வெட்டி வைத்த கல் பொத்த என்ற பெரிய கல்வெட்டு எல்லாம் ஒரே வளாகத்தில். இங்கேதான் அட்டதாகே என்ற இடிந்த கோயிலுக்குப் பக்கத்தில் வேளைக்காரர் கல்வெட்டு நிற்கிறது. புத்தரின் புனிதப் பல் வைத்திருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற தென்னிந்தியக் கூலிப்படையினர் உறுதி கொடுத்ததைத் தமிழில் வெட்டிய கல். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர்கள் எழுதியது, அதனால் சட்டென்று படிக்க வராது. எழுத்துக்கூட்டினால் ஒன்றிரண்டு சொல் பிடிபடும். பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் தொல்லை இல்லை.

சோழர் தலைநகர் என்கிறார்களே, அது இதுதானா?

இதுதான். இராசராசன் காலத்தில், 993 வாக்கில், சோழர் படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. பிறகு அவர்கள் ஆட்சி நடத்தியது பொலன்னறுவையிலிருந்து. ஊருக்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை விரட்டிவிட்டுத் தானும் அங்கிருந்தே ஆண்டான்.

அந்தக் காலத்தது இரண்டாம் சிவ தேவாலயம், வானவன் மாதேவி ஈச்சரம் என்பது அதன் பழைய பெயர். சிறிய கற்கோயில்தான், தஞ்சாவூர் நினைப்பில் போகாதீர்கள். ஆனால் சுற்றிலும் செங்கல் இடிபாடுகளாகக் கிடக்க, இது மட்டும் விமானத்தோடு முழுசாக நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. இன்றும் யாராவது விளக்கேற்றி வைத்திருப்பார்கள்.

ஒரு வார்த்தை. "நம்ம ராஜா ஜெயிச்ச ஊர்" என்று அங்கே நின்று சத்தமாகப் பேசுகிறவர்கள் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அது படையெடுப்புக் கதை. உங்கள் ஓட்டுநரே சிங்களவராக இருக்கலாம். பார்த்துப் பேசுங்கள்.

நாங்கள் பௌத்தக் குடும்பம். வழிபடவும் முடியுமா, பார்க்க மட்டும்தானா?

தாராளமாக வழிபடலாம். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்த்தான் பௌத்தம் ஏற்றார். அம்பேத்கரும் 1950இல் அங்கே நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் போனார். அந்த வழியில் போகிறவர்களுக்கு இது சுற்றுலா மட்டும் இல்லை என்பது எங்களுக்குப் புரியும். கல் விகாரையில் பூ வைத்து, உட்கார்ந்து, நேரம் எடுத்துக்கொள்ளலாம். பூவும் ஊதுபத்தியும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். உங்களுக்கு வழிபாடு முக்கியம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், சிவ தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் சுருக்கிவிட்டு இங்கே ஒரு மணி நேரம் கூட்டித் தருகிறோம். புத்தரின் பல் இப்போது இருக்கும் கண்டி தலதா மாளிகையையும் மறுநாள் சேர்க்கலாம்.

பௌர்ணமி நாட்களை அங்கே போயா என்பார்கள். பொது விடுமுறை. வெள்ளை உடுத்த பக்தர்கள் நிறைய வருவார்கள். அன்று மது விற்பனை கிடையாது. இதை முன்பே சொல்லிவிடுவது சில அண்ணன்மார்களுக்காக.

யானைக் கூட்டம் எந்த மாதத்தில் இருக்கும்?

ஜூலை முதல் அக்டோபர் வரை. ஆகஸ்ட், செப்டம்பர் உச்சம். மின்னேரியா என்பது மகாசேன மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய ஏரி. அவனை அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் மின்னேரித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். சுற்றியுள்ள காட்டில் தண்ணீர் வற்றும் நேரத்தில் ஏரியும் பின்வாங்கும், ஈரத் தரையில் இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்காக நாலா பக்கமிருந்தும் யானைகள் குட்டிகளோடு இறங்கும். நல்ல நாளில் நூற்றுக்கு மேல் ஒரே பார்வையில் தெரியும். சில ஆண்டுகளாக வறட்சிக் காலத்திலும் மேலே உள்ள அணையிலிருந்து தண்ணீர் வருவதால் புல்தரை மூழ்கிப்போய், கூட்டம் சிறுத்துவிடும் நாட்களும் உண்டு. யாராவது "இருநூறு யானை கியாரண்டி" என்றால் நம்பாதீர்கள்.

நம் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால் காலாண்டு விடுமுறைதான் சரியான நேரம். மே மாதம் போகலாம், யானையும் தெரியும், ஆனால் அந்தப் பெருங்கூட்டம் இருக்காது. அரையாண்டு விடுமுறையில் அங்கேயும் நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழைதான்.

மின்னேரியாவா, கவுடுல்லவா, ஹுருலுவா? நாங்கள் எதைப் புக் செய்வது?

எதையும் புக் செய்ய வேண்டாம். மூன்றும் ஹபரணையைச் சுற்றி ஒரே யானைகள் நடமாடும் காடுகள். வறண்ட மாதங்களில் மின்னேரியா, அக்டோபர் வாக்கில் கவுடுல்ல பக்கம், மழை பிடித்த பிறகு ஹுருலு என்பது பொதுவான நடப்பு. அன்று யானை எந்தப் பக்கம் என்று ஜீப்காரர்கள் மதியமே தங்களுக்குள் போனில் பேசிக்கொள்வார்கள். அவர்கள் பேச்சைக் கேளுங்கள். "மின்னேரியா என்றுதானே போட்டிருந்தீர்கள்" என்று அங்கே நின்று சண்டை போட்டால் காலி ஏரியைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

சிறுத்தை, கரடி தெரியுமா?

அந்த ஆசையோடு இங்கே வராதீர்கள். சிறுத்தைக்கு யால, வில்பத்து. இரண்டுமே வேறு திசை. இங்கே யானை, மான், எருமை, முதலை, நீர்ப்பறவைகள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் பழவேற்காட்டில் பார்த்தவைதான், இங்கே யானைகளோடு சேர்த்துப் பார்க்கலாம். தந்தம் உள்ள யானையும் அரிது. நம் முதுமலைப் பக்கத்து ஆண் யானைகளுக்குப் பெரும்பாலும் தந்தம் இருக்கும், இலங்கையில் மிகச் சில ஆண்களுக்குத்தான்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரே ஒரு யானையைப் பாருங்கள். புல்லைத் தும்பிக்கையால் பிடித்து, முன்னங்கால் நகத்தால் உதைத்து வேரோடு பெயர்க்கும். வாயில் போடுவதற்கு முன் அந்தக் கட்டைக் காலில் தட்டித் தட்டி மண்ணை உதறும். குட்டி அதையே செய்து பார்த்து, பாதியைக் கீழே சிந்தும். ஜீப் எஞ்சினை அணைத்தால்தான் அந்தப் புல் பிடுங்கும் சத்தம் கேட்கும். அணைக்கச் சொல்லுங்கள், அணைப்பார்கள்.

ஜீப் எப்படி இருக்கும்? மாமியாருக்கு முதுகு வலி.

உயரமான, பக்கங்கள் திறந்த வண்டி. பின்னால் ஆறு இருக்கை இருக்கும். உங்கள் கார் காட்டுக்குள் போகாது, வாசலுக்கு முன்பே ஜீப்புக்கு மாற வேண்டும். பாதை நல்ல குலுக்கல். மூன்று மணி நேரம். மாமியாரை ஓட்டுநருக்கு அடுத்த வரிசையில் உட்கார வையுங்கள், கடைசி வரிசை வேண்டாம். அண்மையில் முதுகு அறுவை செய்தவர்களும் கர்ப்பிணிகளும் ஏறாமல் இருப்பதே நல்லது. ஹபரணை அறையில் ஓய்வெடுக்கட்டும், கார் அவர்களுக்காக நிற்கும்.

உள்ளே கழிப்பறைக்கு இறங்க முடியாது. ஏறும் முன் எல்லோரையும் போய் வரச் சொல்லுங்கள். புழுதிக்குத் துப்பட்டா, குழந்தைக்கு மாற்றுச் சட்டை. யானை பக்கத்தில் வந்தால் எழுந்து நிற்காதீர்கள், கத்தாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள்.

பஸ், ரயில் இருக்கும்போது தனி வண்டி எதற்கு?

சஃபாரி நேரத்துக்காக. பூங்கா மாலை ஆறு மணிக்கு மூடிவிடும், யானைகள் வெட்டவெளிக்கு வருவது மூன்று மணிக்கு மேல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் மாலை. பிற்பகல் இரண்டரைக்கு ஜீப்பில் இருக்க வேண்டும் என்றால் காலை ஏழரைக்குப் பொலன்னறுவைக்குள் நுழைந்து பதினொன்றரைக்குள் முடித்துவிட வேண்டும். பஸ்ஸை நம்பினால் இது நடக்காது. கூட்டு வேனில் போனால் யாரோ ஒருவர் கடையில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

தனி வண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. மசாலாத் தோட்டம், மரச்சிற்பக் கடை, ரத்தினக் கடை என்று சில ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்புவார்கள், அங்கே அவர்களுக்குக் கமிஷன். வேண்டாம் என்றால் காலையிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

தொகையைவிட அதில் எது அடங்கும் என்பதைக் கேளுங்கள். கார் வாடகை, டீசல், ஓட்டுநர் சாப்பாடு ஒன்று. பொலன்னறுவை நுழைவுச்சீட்டு ஒன்று. ஜீப் வாடகை ஒன்று. பூங்கா நுழைவுச்சீட்டு தனி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: ஜீப் விலையை மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் நுழைவுக்கட்டணம், குழுவுக்கான சேவைக்கட்டணம், வண்டிக்கட்டணம், வரி என்று அடுக்குவார்கள். குழுவுக்கு என்று வாங்கும் கட்டணம் இருப்பதால் இரண்டு பேர் போனால் தலைக்கு அதிகம், ஆறு பேர் போனால் குறைவு.

பொலன்னறுவை, சிகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம் டாலர் கணக்கு. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குச் சலுகை உண்டு, நாமும் அதில் அடக்கம். ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான். அறைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள்.

யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் அறிமுகமாகியிருக்கிறது. ஜீப்காரருக்கும் இளநீர்க் கடைக்கும் ரொக்கம்தான் தோது.

உடை, செருப்பு, படம் எடுப்பது?

தோளும் முட்டியும் மூடிய உடை, ஆண்களுக்கும் சேர்த்துத்தான். வழிபாட்டு இடங்களில் செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் கல்தரை கொதிக்கும், அதனால் ஆளுக்கு ஒரு பழைய சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், போட்டுக்கொண்டு நடக்கலாம்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது. சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகளுக்கு 2012இல் நீதிமன்றத் தண்டனையே கிடைத்தது. 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண்ணை நாடு கடத்த உத்தரவிட்டார்கள். உங்களுக்கும் அப்படிப் பச்சை இருந்தால் முழுக்கைச் சட்டையால் மூடிக்கொள்ளுங்கள். ட்ரோன் எடுத்து வரவே வேண்டாம்.

பொலன்னறுவைக் குரங்குகள் தின்பண்டப் பையைக் கையிலிருந்தே பிடுங்கும். 1968இலிருந்து ஆய்வாளர்கள் பின்தொடரும் குரங்குகள் அவை, மனிதரைக் கண்டு கூச்சமே கிடையாது.

சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?

சோறு, பருப்பு, நாலைந்து கறி, அப்பளம். மீன் பிரியர்களுக்குக் கவலையே இல்லை. சைவக்காரர்கள் மட்டும் கவனம்: தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிகளிலும் மாசிக் கருவாட்டைத் தூளாக்கிப் போடுவார்கள், பார்த்தால் தெரியாது. "மாசி போடாமல்" என்று ஓட்டுநரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எருமைத் தயிரும் கித்துள் பாணி என்ற பனைவகைப் பாகும் விட்டுவிடாதீர்கள்.

மொழி?

அந்தப் பகுதி பெரும்பாலும் சிங்களம். தமிழ் தெரிந்த ஓட்டுநர் வேண்டும் என்று முன்பே கேட்டால் கிடைப்பார். பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் தமிழும் இருக்கும்.

விசா வேண்டுமா? வீட்டுக்காரர் முன்பு கடலில் பிடிபட்டு வந்தவர், அவர் வரலாமா?

கிளம்பும் முன் இலங்கைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். கட்டண விதி அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் போடும் வாரத்தில் அந்தத் தளத்திலேயே பாருங்கள். இடைத்தரகர் தளங்கள் அதே மாதிரி முகப்போடு கூடுதல் பணம் வாங்கும்.

இரண்டாவது கேள்வி காசிமேட்டுப் பக்கம் நிறையவே வருகிறது. எல்லை தாண்டியதாகக் கைதாகி, ஒத்திவைத்த தண்டனையோடு விடுதலையானவர் என்றால், நீதிமன்ற உத்தரவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்ட பிறகு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். அதுவரை அவர் பெயரில் டிக்கெட் போட வேண்டாம்.

விடியற்காலை விமானத்துக்குத் திருவொற்றியூரிலிருந்து எப்படிப் போவது?

விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையம் வரை போகிறது, மாற வேண்டியதில்லை. பகல் விமானத்துக்கு அதுதான் சிறந்தது. விடியற்காலை விமானத்துக்கு முதல் ரயிலே தாமதம், கார்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை எந்த நேரத்தில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சஃபாரி முடிந்து அன்றிரவே கொழும்புக்குத் திரும்பிவிடலாமா?

நாங்கள் அதற்கு வண்டி போடுவதில்லை. ஆறரைக்கு ஜீப்பிலிருந்து இறங்கினால் ஹபரணையைச் சுற்றியுள்ள சாலைகளில் இருட்டில் யானை குறுக்கே வரும் நேரம் அது. 2025 பிப்ரவரியில் அந்தப் பக்கத்தில் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. ரயிலுக்கே அப்படி என்றால் காரை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநரும் காலை ஆறு மணியிலிருந்து வண்டியில் இருக்கிறார். அங்கேயே தூங்கி, காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் தம்புள்ளையையும் பார்த்துவிட்டு மாலை விமானத்தைப் பிடிக்கலாம்.